பன்னிரண்டாம் வளைவு

மனாமா, பஹ்ரைன்
12.9.2024

அன்புள்ள அக்கா சங்கவிக்கு,

தம்பி ஆகாஷ் எழுதுவது. நான் சுகம். நீயும் அம்மாவும் அப்பாவும் சுகமா? அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றியதா? வற்றாவிட்டால் மார்க்கெட்டுக்கு நடக்க விடாதே.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். நம் வீட்டில் போன் அடித்தால் அம்மா ஸ்பீக்கரில் போடும். வைத்திக்குப்பமே காது கொடுக்கும். இங்கே ஒரு அறையில் ஆறு பேர். ‘நல்லா இருக்கேன், சாப்ட்டேன்’ என்பதைத் தாண்டி எனக்கு வாய் வருவதில்லை. அதனால்தான் கோரிமேட்டில் நீ வேலை பார்க்கும் பிசியோதெரபி வார்டு முகவரிக்கு எழுதுகிறேன்.

வந்து ஐந்து வாரம் ஆகிறது. சென்னை டிராக்கில் மூன்று வருடம் சின்ன வண்டிகளைப் பிரித்து மாட்டியவனுக்கு இங்கே நிஜமான ரேஸ் கார். ஒரே ஆள் உட்காரும் கார், கூரை கிடையாது, தரையில் படுத்த மாதிரி உட்கார்ந்து ஓட்ட வேண்டும். எனக்குக் கொடுத்திருப்பது இருபத்தேழாம் நம்பர். அதை ஓட்டுவது ஒரு பெண். இந்த நாட்டுப் பெண்தான், வயது இருபத்தொன்று, பெயர் லுல்வா. முத்து என்று அர்த்தமாம். அவளுடைய தாத்தா கடலில் மூழ்கி முத்தெடுத்தவர். எங்கள் அப்பாவும் கடல்காரர்தான் என்று சொன்னேன். “அப்போ உனக்கும் உப்புல துரு பிடிக்காது” என்றாள். (நாங்கள் பேசுவது பாதி ஆங்கிலம், பாதி இந்தி. உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.)

அந்தக் காரில் அவளுக்கு முன்பு ஆறடிப் பையன் ஒருவன் ஓட்டியிருக்கிறான். அவள் சீட்டை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஸ்பாஞ்சைத் திணித்துக்கொண்டு ஓட்டினாள். இறங்கியபோது தோளில் பெல்ட் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. “ஏன் சொல்லல?” என்று கேட்டேன். “சொன்னா, பொம்பளைக்கு இந்தக் கார் ஒத்துவரலன்னு பேசுவாங்க” என்றாள். நானும் இன்னொருவனும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பெடலை முன்னுக்குக் கொண்டுவந்து, அவள் உடம்புக்கு அச்செடுத்துப் புது சீட் வார்த்தோம். மறுநாள் ஒரு சுற்றில் ஒன்றேகால் வினாடி குறைந்தது. அன்று யாரும் எதுவும் பேசவில்லை.

அவளுடைய அப்பா இந்த ஒரு சீசனுக்குத்தான் சம்மதித்திருக்கிறார். ஆறு போட்டிகள். முடிவில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் ஐரோப்பாவில் ஓட்ட வாய்ப்பு. இல்லாவிட்டால் வங்கி வேலை. விண்ணப்பத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டாராம். அதனாலோ என்னவோ, அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே காருக்குள் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் கேரேஜுக்குள் நடந்துகொண்டே இருக்கிறாள்.

வேகமாக வளையும்போது ஹெல்மெட்டின் எடை கழுத்தை இழுக்கிறது என்கிறாள். என்ன பயிற்சி செய்யலாம் என்று எழுது.

அப்பா என்னைப் பற்றிக் கேட்டாரா? கேட்கவில்லை என்றால் அதையும் எழுது.

பாசமுள்ள தம்பி,
ஆகாஷ்


வைத்திக்குப்பம், புதுச்சேரி
29.9.2024

அன்புத் தம்பி ஆகாஷுக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். சொன்னால் கேட்கிறதா? மீன் கூடையை இறக்கி வைத்தால்தான் வலிக்கிறதாம், தூக்கினால் வலி இல்லையாம்.

அப்பா கேட்கவில்லை. நீ எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். குப்பத்தில் எந்தப் படகின் எஞ்சின் நின்றாலும் உன்னைத் தேடி வந்தார்கள், அந்த ஆளை விட்டுவிட்டோமே என்ற கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் நான் அம்மாவுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது வலை பின்னுகிற கை நின்றிருந்தது. நான் நிமிர்ந்ததும் மறுபடி ஓடியது.

பெரிய மார்க்கெட்டில் ஒருத்தி அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்: “உம் புள்ள அரபுக்காரிக்கு டிரைவராமே?”

“இல்லடி, அந்தப் பொண்ணுதான் டிரைவரு. எம் புள்ள ரிப்பேரு பாக்குது.”

“அய்ய, அப்ப அவுங்க ஊரு ஆம்பளைங்க?”

“பின்னாடி வர்றாங்களாம்.”

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லி அம்மா சிரித்தது.

கழுத்துப் பயிற்சியைத் தனித் தாளில் படம் வரைந்து வைத்திருக்கிறேன். துண்டை நெற்றியில் சுற்றி ஒருவர் பக்கவாட்டில் இழுக்க, அவள் தலையை அசையாமல் வைத்திருக்க வேண்டும். முதலில் பத்து எண்ணும் வரை போதும். முரட்டுத்தனம் வேண்டாம்.

எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம், கடலூர் என்று எங்கெங்கிருந்தோ பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களை நடக்க வைக்கிறேன். நடக்க ஆரம்பித்ததும் அவர்கள் போய்விடுகிறார்கள். நான் தினமும் ஸ்கூட்டியில் அதே ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் நின்றுகொண்டிருக்கிறேன். இருபத்தொன்பது வயதில் இப்படி ஒரு பரபரப்பு எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அவளைப் பற்றி நிறைய எழுது.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி போடு.

உன் அக்கா,
சங்கவி


மனாமா
22.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விரும்பும் தம்பி எழுதுவது.

சனிக்கிழமை முதல் போட்டி முடிந்தது. பதினாறு கார்கள். லுல்வா ஒன்பதாவதாகக் கிளம்பினாள். மூன்றாம் சுற்றில் ஒருவன் உள்பக்கம் நுழைந்து அவள் சக்கரத்தோடு உரசி மணலுக்குத் தள்ளினான். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே நின்றிருப்பார்கள். மணலிலேயே வளைத்துத் திரும்பி ஏறினாள். அப்போது பதினோராம் இடம். அதன் பிறகு ஒவ்வொருவராகப் பிடித்தாள் அக்கா. பன்னிரண்டாம் வளைவு என்று ஒன்று இருக்கிறது. வலது பக்கம் திரும்பும், எதிரே சுவர், அங்கே எல்லோரும் ஆக்சிலரேட்டரிலிருந்து கொஞ்சம் காலைத் தூக்குவார்கள். இவள் தூக்கவில்லை. அந்த ஒரே இடத்தில் நான்கு பேரைத் தாண்டினாள். கடைசியில் இரண்டாம் இடம்!

நான் கத்திய கத்தலில் எங்கள் தலைமை மெக்கானிக் டெரக் காதைப் பொத்திக்கொண்டார். அவர் ஆங்கிலேயர், இருபது வருட அனுபவம், சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று என் முதுகில் தட்டினார். பின்பக்கத்து இடது சக்கரமும் அதைத் தாங்கும் கம்பிகளும் என் பொறுப்பு. “அந்த மூலை சரியா இருந்துது” என்றார். ஏழு நாள் பட்டினி கிடந்தவனுக்குச் சோறு போட்ட மாதிரி இருந்தது.

அவளுடைய அம்மா முதல்முறையாக டிராக்குக்கு வந்திருந்தார். போட்டி முழுவதும் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். முடிந்ததும் லுல்வா ஹெல்மெட்டோடு ஓடிப் போய், “அம்மா, பாத்தியா?” என்றாள். “சத்தத்த வெச்சே தெரிஞ்சுது, நீ எங்கெல்லாம் மெதுவா போனன்னு” என்றாராம். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். என்னிடம் இதைச் சொல்லும்போதும் அவள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. டயர் அடுக்குகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

உன் படத் தாளை லாக்கர் கதவில் ஒட்டியிருக்கிறாள். துண்டை நான்தான் இழுக்கிறேன். இப்போது நாற்பது எண்ணும் வரை அசைவதில்லை. “உங்க அக்காவுக்கு என் நன்றியச் சொல்லு” என்றாள். ஒட்டும் முன், தாளின் பின்புறத்தில் நீ எழுதியிருந்த முகவரியைத் தடவிப் பார்த்து, “இது கடலுக்குப் பக்கமா?” என்று கேட்டாள்.

வீடியோ அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்குக் காட்டு.

அன்புத் தம்பி,
ஆகாஷ்


வைத்திக்குப்பம்
14.11.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை வார்டில் படித்து, பஸ்ஸுக்காக நின்ற ஒரு நோயாளியிடமும் சொல்லிவிட்டேன். நாங்கள் நலம்.

வீடியோவை அம்மா ஒருமுறை பார்த்தது. லுல்வா மணலுக்குப் போனபோது கண்ணை மூடிக்கொண்டது. அப்பா பார்க்க மாட்டேன் என்றார். மறுநாள் கரைக்குப் போனால், பக்கத்து வீட்டு முகிலனின் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு படகு நிழலில் உட்கார்ந்து மூன்றாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! என்னைக் கண்டதும், “அந்தப் பொண்ணு பயப்படல. வண்டி மேல அவ்ளோ நம்பிக்க” என்றார். “வண்டிய பாக்கறது யாரு?” என்று கேட்டேன். வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.

நவம்பர் போட்டி என்ன ஆயிற்று? வானிலை சரியில்லை இங்கே. படகுகளை மேலே ஏற்றச் சொல்லிவிட்டார்கள்.

அக்கா,
சங்கவி


வைத்திக்குப்பம்
11.12.2024

ஆகாஷ்,

எல்லோரும் உயிரோடு நலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஃபெஞ்சல் புயல் போய்ப் பத்து நாள் ஆகிறது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். சமையல் பாத்திரங்களைக் கட்டில் மேல் அடுக்கி அதன் மேல் அம்மா உட்கார்ந்திருந்தது. அப்பாவின் படகுக்கு ஒரு பக்கம் விரிந்துவிட்டது, ஒட்டிவிடலாம் என்கிறார். நவம்பரில் உன்னிடமிருந்து கடிதம் இல்லை. புயலன்று போன் செய்தாய், சரி. அதற்குப் பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் “நல்லா இருக்கேன்” என்று வைத்துவிடுகிறாய். ஏழாம் தேதி மூன்றாம் போட்டி என்று சொல்லியிருந்தாயே, வீடியோவும் வரவில்லை.

அம்மாவிடம் உனக்கு வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னிடமும் அதையே சொல்லாதே.

சங்கவி


மனாமா
22.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். புயலில் எல்லோரும் தப்பித்தது ஆறுதல்.

நவம்பர் போட்டியில் நான்காம் இடம். டிசம்பர் போட்டியில் ஒரு விபத்து. பன்னிரண்டாம் வளைவில் கார் சுவரில் மோதியது. ஓட்டியவருக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. உயிருக்கு ஒன்றுமில்லை. கட்டு போட்டிருக்கிறார்கள். ஓட்டியவர் தவறு என்று முடிவாகிவிட்டது.

கட்டுப் பிரித்த பிறகு கைக்கு என்ன பயிற்சி செய்ய வேண்டும்? எத்தனை நாளில் ஸ்டியரிங் பிடிக்கலாம்? விவரமாக எழுது.

அம்மாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல்.

ஆகாஷ்


கோரிமேடு
5.1.2025

அன்புத் தம்பிக்கு,

வார்டிலிருந்தே எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். புது வருடம் நல்லபடி பிறந்தது.

பயிற்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டுப் பிரித்ததும் அங்குள்ள மருத்துவர் சரி என்றால் மட்டும் தொடங்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து மெதுவாக மடக்கி நீட்டுவது ஒரு வாரம். பிறகு ஒரு வாளியில் அரிசியைக் கொட்டி, அதற்குள் கையை நுழைத்து விரல்களைத் திறந்து மூட வேண்டும். படம் வரைந்திருக்கிறேன். மூன்று மாதம் ஆவதற்கு முன் காரை நினைக்கக் கூடாது.

இனி உன்னைப் பற்றி. அவள் இரண்டாவதாக வந்ததற்கு எனக்கு இரண்டு பக்கம் எழுதினாய். அவள் கை ஒடிந்ததற்குப் பத்து வரி. அந்தப் பத்து வரியில் அவள் பெயரே இல்லை. ‘ஓட்டியவர்’ என்று எழுதியிருக்கிறாய். ‘முடிவாகிவிட்டது’ என்று எழுதியிருக்கிறாய். யார் முடிவு செய்தார்கள், ஆகாஷ்?

எங்கள் வார்டில் உழவர்கரையிலிருந்து ஒருவர் வருகிறார். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தவர். “நாந்தான் கால் தவறிட்டேன்” என்று எல்லா மருத்துவரிடமும் சொன்னார். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. ஆனால் படிக்கட்டில் இரண்டு படி ஏறச் சொன்னால் வியர்த்துக் கொட்டிவிடும். போன வாரம் அவருடன் வேலை செய்தவர் பார்க்க வந்தார். வந்தவர் என் முன்னாலேயே அழுதுவிட்டார். “அண்ணே, நீ கால் தவறல. பலகை உளுத்துப் போயிருந்துது. எனக்குத் தெரியும். மேஸ்திரி சொல்ல வேணாம்னுட்டாரு” என்றார்.

இவர் தொடையைத் தடவியபடி, “நாலு மாசமா எங் கால நானே திட்டிக்கிட்டு இருந்தேன்டா” என்றார். மறுநாள் ஆறு படி ஏறினார். வந்தவரோடு இன்னும் பேசுவதில்லை.

இதை உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. நான் நினைப்பது தவறாக இருந்தால் என்னைத் திட்டி ஒரு கடிதம் போடு. சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா,
சங்கவி


மனாமா
21.1.2025

அக்கா,

உன்னைத் திட்ட முடியவில்லை.

டிசம்பர் ஆறு, வெள்ளிக்கிழமை. பயிற்சி ஓட்டம் முடிந்து காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இடது பின்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கம்பியில், வெல்டு வைத்த இடத்தில் முடி போல ஒரு விரிசல். போனில் படம் எடுத்து டெரக்கிடம் காட்டினேன். “அது பெயின்ட் விட்டது” என்றார். பெயின்ட் இல்லை என்று அவருக்கும் தெரியும். மாற்றுக் கம்பி துறைமுகத்தில் சுங்கத்தில் கிடந்தது. விரிசல் என்று எழுதினால் கார் போட்டிக்குப் போகாது. “ஒரே ஒரு ரேஸ் தாங்கும். எல்லாம் சரின்னு செக்கிங் தாள்ல கையெழுத்துப் போடு” என்றார்.

போட்டேன், அக்கா.

லுல்வா பத்தடி தள்ளி நின்று கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். நானும் உயர்த்தினேன்.

மறுநாள் ஒன்பதாம் சுற்று. மூன்றாம் இடத்தில் போய்க்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வளைவில் கார் பின்பக்கம் உட்கார்ந்து, அப்படியே சுழன்று சுவரில் அடித்தது. நாங்கள் காரை இழுத்து வந்தபோது கம்பி இரண்டாக இருந்தது. மாலையில் பார்த்தால் அந்தத் துண்டுகள் மேசையில் இல்லை. சக்கரத்தை டிராக்கின் ஓர மேட்டில் ஏற்றியதால் உடைந்தது, ஓட்டியவர் பிழை என்று அறிக்கை போனது. டெரக் என்னிடம் சொன்னது ஒரே வார்த்தைதான்: “தாள்ல இருக்கறது உன் கையெழுத்து.”

அவள் கட்டுப் போட்ட கையோடு தினமும் கேரேஜுக்கு வருகிறாள். வீடியோவைப் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறாள். “நான் எங்க தப்பு பண்ணேன்? நீ பாரு ஆகாஷ், உன் கண்ணுக்குத் தெரியுதா?” என்று கேட்கிறாள். தெரியவில்லை என்று சொன்னேன். ஒருமுறை அல்ல, பல முறை.

போன வாரம் கட்டுப் பிரித்தார்கள். அரிசி வாளியில் கையை விட்டுக்கொண்டிருக்கிறாள், நீ சொன்னபடியே. நேற்று கேரேஜில் இருக்கும் சிமுலேட்டரில், திரைக்கு முன் உட்கார்ந்து ஓட்டும் பொறியில், வலது கையால் மட்டும் ஓட்டிப் பார்த்தாள். நிஜக் கார் இல்லை, மோதினாலும் ஒன்றும் ஆகாது. இருந்தும் பன்னிரண்டாம் வளைவு வரும்போதெல்லாம் கால் தானாகத் தூக்கிவிடுகிறது. பதினாறு தடவை. நான் எண்ணினேன். பதினேழாவது தடவை எழுந்துவிட்டாள். “அப்பா சொல்றதுதான் சரி போல. எனக்கு அந்தக் கை இல்ல” என்றாள்.

வங்கியில் நேர்முகத் தேர்வுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள்.

படம் இன்னும் என் போனில் இருக்கிறது. என் பாஸ்போர்ட் டீம் ஆபீஸ் பெட்டியில் பூட்டி இருக்கிறது. ஆறு வாரமாக நான் ஒரு இடத்தில் நிற்பதில்லை, அவளை மாதிரியே.

ஆகாஷ்


வைத்திக்குப்பம்
2.2.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை. அம்மா, அப்பா இருவருக்கும் படித்துக் காட்டிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அம்மா உடனே, “அவன் ஒண்ணும் சொல்ல வேணாம். வேலைய வுட்டுட்டு பேசாம வந்துடச் சொல்லு. வெளியூர்ல ஜெயில்ல போட்டா யாரு போய்ப் பாப்பா?” என்றது. அப்பா பின்னிக்கொண்டிருந்த வலையைக் கீழே வைத்தார். “சொல்லாம வந்தா இங்க வந்து எந்தப் படகுல கைய வெப்பான்?” என்றார். அம்மா அழுதது. அவர் வெளியே போய்விட்டார். வீட்டில் அதற்குப் பிறகு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இதைச் செய், அதைச் செய் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வது எளிது. நீ எதைச் செய்தாலும் இந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும். அம்மாவும் அப்பாவும் இந்த ஒன்றில் மட்டும் சண்டை போடவில்லை.

சங்கவி


மனாமா
24.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். உன் கடிதம் பதின்மூன்றாம் தேதி கிடைத்தது. அதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டேன்.

ஆறாம் தேதி காலை வாகனம் நிறுத்தும் இடத்தில் அவள் தன் காரில் வந்து இறங்கப் போனாள். கதவருகே போய் நின்றேன். “கொஞ்சம் பேசணும்” என்றேன். “ஏறு” என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து போனை அவள் கையில் கொடுத்தேன். அவள் படத்தைப் பெரிதாக்கினாள். நெடுநேரம் பார்த்தாள்.

“எப்ப எடுத்தது?”

“வெள்ளிக்கிழமை. நாலு பத்துக்கு.”

“ரேஸுக்கு முந்தின நாள்.”

“ஆமா.”

“டெரக்குக்குத் தெரியுமா?”

“தெரியும். ஆனா கையெழுத்து என்னுது.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஸ்டியரிங்கின் மேல் அந்த இடது கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: “ரெண்டு மாசமா நான் அந்த வளைவுலதான் இருக்கேன். சாப்பிடும்போது, தொழும்போது, எங்க அம்மா பேசும்போது. நீ என் பக்கத்துல நின்னு துண்ட இழுத்துக்கிட்டிருந்த. வாளியில அரிசி கொட்டிக் குடுத்த.”

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“படத்த எனக்கு அனுப்பு” என்றாள். அனுப்பினேன். “எறங்கு” என்றாள். இறங்கினேன். அவள் கேரேஜுக்குள் போகவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராகப் போட்டி நடத்துகிறவர்களின் அலுவலகத்துக்குப் போனாள் என்று பிறகு தெரிந்தது.

விசாரணை நடந்தது. நான் பார்த்ததை, செய்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். உடைந்த துண்டுகளை டெரக் தூக்கிப் போடவில்லை, தன் பெட்டியிலேயே வைத்திருந்திருக்கிறார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அறிக்கையைத் திருத்தினார்கள். அவள் பிழை இல்லை. டெரக்கையும் என்னையும் டீமிலிருந்து நீக்கினார்கள். இந்த ஊரில் இனி எந்த ரேஸ் காரையும் நான் தொட முடியாது. அது நியாயம்தான். பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டார்கள். மார்ச் இருபதாம் தேதி விமானம்.

விசாரணை அறைக்கு வெளியே அவளை ஒருமுறை பார்த்தேன். அப்பாவோடு நின்றிருந்தாள். அவர் என்னைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

அம்மாவிடம் ஜெயில் இல்லை என்று சொல். அப்பாவிடம் நான் வந்து சொல்கிறேன்.

தம்பி,
ஆகாஷ்


வைத்திக்குப்பம்
12.5.2025

அன்புத் தம்பி ஆகாஷுக்கு,

நாங்கள் நலம். நீ இருங்காட்டுக்கோட்டையில் புது ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் வசதிதானா? நீ இருந்த மூன்று வாரத்தில் அப்பாவுக்கு வாய் திறந்துவிட்டது. இப்போது தினமும் உன்னைப் பற்றி என்னிடம் குறை சொல்கிறார். எஞ்சினை நன்றாகத்தான் பார்த்தாயாம், ஆனால் படகில் ஏறும்போது இன்னும் இடது காலை முதலில் வைக்கிறாயாம்.

நேற்று என் வார்டுக்கு ஒரு கடிதம் வந்தது. பஹ்ரைன் தபால்தலை. உன்னுடையது என்று நினைக்க வழியில்லை, நீதான் இங்கே இருக்கிறாயே. லுல்வா எழுதியிருக்கிறாள். என் படத் தாளின் பின்புறத்திலிருந்து முகவரியை எடுத்தாளாம். ஆங்கிலத்தில் மூன்று பக்கம். முக்கியமானதைத் தமிழில் தருகிறேன்.

கை முழுதும் குணமாகிவிட்டது. குளிரில் மட்டும் கொஞ்சம் இறுகுகிறதாம். பழைய டீமில் அவள் ஓட்டவில்லை. ரமலான் முடிந்து ஏப்ரலில் கடைசிப் போட்டிக்கு வேறொரு டீம் தங்கள் காரைக் கொடுத்திருக்கிறது. இரண்டு போட்டிகளைத் தவறவிட்டதால் மொத்தக் கணக்கில் முதல் மூன்றுக்கு வழியே இல்லை. இருந்தும் ஓட்டியிருக்கிறாள். பதினான்காவதாகக் கிளம்பியிருக்கிறாள். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்:

‘முதல் சுற்றில் பன்னிரண்டாம் வளைவு வந்தபோது கால் தூக்கியது. இரண்டாம் சுற்றிலும் தூக்கியது. மூன்றாம் சுற்றில், என் கை அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தது என்று எனக்குள் சத்தமாகச் சொன்னேன். தூக்கவில்லை. பிறகு ஒருமுறைகூடத் தூக்கவில்லை. மூன்றாவதாக வந்தேன். என் அம்மா இந்தத் தடவை முன்பக்கமாகத் திரும்பி நின்றிருந்தார்.’

செப்டம்பரில் இத்தாலியில் மூன்று போட்டிகளுக்கு மட்டும் இடம் கிடைத்திருக்கிறது. முழு சீசன் இல்லை. அவளுடைய அப்பா வங்கி விண்ணப்பத்தை மேசையிலிருந்து இன்னும் எடுக்கவில்லையாம். ஆனால் காப்பிக் கோப்பையை இப்போது அதன் மேல்தான் வைக்கிறாராம்.

கடைசிப் பக்கத்தில் உன்னைப் பற்றி. அதையும் மாற்றாமல் தருகிறேன்:

‘உங்கள் தம்பியை நான் மன்னிக்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்ட நேரத்தில் பத்தடி தூரத்தில் நான் இருந்தேன். ஆனால் அந்த கேரேஜில் எட்டுப் பேர் இருந்தார்கள், ஒருவர்தான் என் காரின் கதவருகே வந்து நின்றார். இரண்டையும் சேர்த்து எப்படி நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று இறங்கு என்று சொன்ன பிறகு சொல்ல வேண்டியது நிறைய மிச்சம் இருக்கிறது. அதை அக்காவிடம் சொல்வது முறையல்ல. அவர் முகவரி வேண்டும். அவர் வேண்டாம் என்றால் கேட்க மாட்டேன்.’

அவ்வளவுதான். நான் இன்னும் பதில் எழுதவில்லை. அம்மா, “குடுத்தா திட்டித்தான் எழுதும்” என்கிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அது உன் முகவரி. நீயே சொல்.

அக்கா,
சங்கவி


இருங்காட்டுக்கோட்டை
16.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் இன்று மதியம் வந்தது. சாப்பிடாமல் இதை எழுதுகிறேன், நாலு மணித் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

கொடு. திட்டித்தான் எழுதுவாள். எழுதட்டும்.

ஒர்க்‌ஷாப் பெயரை எழுதாதே, அங்கே தபால் தொலைந்துவிடுகிறது. நான் தங்கியிருக்கும் வீட்டு எண், மாடி, தெருப் பெயர் எல்லாவற்றையும் கீழே ஆங்கிலத்தில் தனியாக எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்து அப்படியே எழுது. பின்கோடை மட்டும் இரண்டு தடவை சரிபார்.

ஆகாஷ்